ஒரு மத்தியானத்து ஜனாதிபதி

ஆறு வயதில் நான் இந்தியாவின் ஜனாதிபதியாக இருந்தேன். பதவிக்காலம் ஒரு மத்தியானம். அந்த ஒரு மத்தியானத்துக்குள் நான் போய்வந்த பயணத்தைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் பேசிச் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இப்போது நான் மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். எழுந்து நின்று பாடம் சொல்லிக்கொடுக்கும் முதல் ஆளும் நானேதான். எங்கே போனாலும் இதைச் சொல்லிக்கொள்வேன். நான் மறந்தாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் அம்மா சொல்லிவிடுவாள்.

போன வாரம் என் வகுப்பில் ஜனாதிபதிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பாடப் புத்தகம் குடியரசுத் தலைவர் என்று சொல்கிறது, பிள்ளைகளின் வீட்டில் ஜனாதிபதி என்கிறார்கள், இரண்டும் ஒருவர்தான் என்று புரியவைக்கவே பாதி நேரம் போனது. அந்தக் காலத்தில் அவர்கள் எப்படி உடுத்தினார்கள், இப்போது எப்படி உடுத்துகிறார்கள், எதில் போனார்கள், எதில் போகிறார்கள் என்று படங்களைச் சுவரில் ஒட்டிக் காட்டினேன். முதலில் குதிரை வண்டி, அப்புறம் ரயில், கார், விமானம். கடைசியாக, இப்போது குடியரசு தினத்துக்கு மறுபடியும் குதிரை வண்டியில் வருகிறார்கள் என்றதும், "அப்ப மாறவே இல்லியே டீச்சர்" என்று ஒரு பையன் என் பாடத்தையே கவிழ்த்துவிட்டான். அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள், மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும் ஒரு சிறுமி முன்னும் பின்னும் வண்டிகளோடு போகும் காரின் படத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"ஒருத்தர் போறதுக்கு எதுக்கு டீச்சர் இத்தன வண்டி? மத்ததெல்லாம் சும்மாதான போவுது?"

"சும்மா போகல பாப்பா. அவங்க பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு கூடப் போகுது."

சொல்லிவிட்டேன். எனக்கு முன்னும் பின்னும் வண்டிகள் வந்த நாள் கண்ணில் வந்து நின்றுவிட்டது.

நான் படித்தது எங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருந்த சின்னப் பள்ளிக்கூடம். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நோம்பிக்கும் நல்லநாளுக்கும்தான் மலையேறி வருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, கொழுந்து ஏற்றுகிற டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் டீச்சர் மேட்டுப்பாளையத்துப் பக்கம். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பேசும்போதெல்லாம் வாயிலிருந்து புகைவிடுவார்.

அந்த ஆடி மாதத்தில்தான் டெல்லியில் முதன்முறையாக ஒரு பெண் ஜனாதிபதி ஆகியிருந்தார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து, எல்லாக் குழந்தைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். முதல் ஜனாதிபதி கழுத்துவரை பொத்தான் போட்ட நீளக் கோட்டும் தொப்பியுமாகக் குதிரை வண்டியில் வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் தலைப்பாகை கட்டியவர் உண்டு, வேட்டி கட்டியவர் உண்டு. தனி ரயில்பெட்டியில் ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பெட்டி ஊட்டி ரயில்மாதிரி இருக்குமா என்று கேட்டதற்கு, அதைவிடப் பெரியது, ஆனால் அதைவிட அழகு கிடையாது என்றார். இப்போது பெரிய கறுப்புக் கார், விமானம். கார் போனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் வண்டிகள் போகும், ரோட்டோரம் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள் என்றார். கடைசியாக அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். முழுக்கை ரவிக்கை. முந்தானை தலையை மூடியிருந்தது.

வகுப்பே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது. எங்களுக்குத் தெரிந்த பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகும்போது அப்படித்தான் இருப்பார்கள். குளிருக்கும் அட்டைப்பூச்சிக்கும் பயந்து முழுக்கைச் சட்டை, கொழுந்துக் கூடையின் கயிறு உறுத்தாமலிருக்கத் தலையில் துணி. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"டீச்சர், இந்தம்மா கூடைய எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அந்தப் படத்தைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கேள்விக்காகத்தான் எனக்கு அந்த வேஷம் கிடைத்தது. சுதந்திர தினத்துக்கு, அன்றைய ஜனாதிபதிகளும் இன்றைய ஜனாதிபதியும் வரிசையாக வருகிற ஒரு நிகழ்ச்சி. நான்தான் கடைசியில் வருகிற, இன்றைய ஜனாதிபதி.

பையன்களிடம் பெரிய சிக்கல். முதல் ஜனாதிபதியாக வர ஒருவனும் முன்வரவில்லை, குதிரையாக வருவதற்கு அடிதடி. "குதிரை ஆறு போதுமுங்கடா! உள்ள உக்கார ஒரு ஆளு வேண்டாமா சாமி?" என்று டீச்சர் கெஞ்சிக் கெஞ்சி, சண்டையில் தோற்ற ஒருவனைப் பிடித்து ஜனாதிபதி ஆக்கினார். அவனுக்கு நீளக் கோட்டு, தோட்டத்து வாட்ச்மேனின் மழைக்கோட்டு. கழுத்துவரை பொத்தான் இருந்தது, தரைவரை நீளமும் இருந்தது. ரப்பர் நாற்றம்தான் கொஞ்சம் அதிகம்.

எனக்கு அம்மா தன்னுடைய சேலை ஒன்றைப் பாதியாகக் கிழித்து, நைந்த பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு நல்ல பாதியைக் கட்டிவிட்டாள். சரிவில் நின்று கொழுந்து பறிப்பவர்களின் சேலைக்கட்டு வேறு மாதிரி. கணுக்காலுக்கு மேலே தூக்கி, இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கி, முந்தானையைத் தலையோடு சுற்றிச் செருகிவிடுவார்கள். காற்று எப்படி அடித்தாலும் அவிழாது. அம்மாவுக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். டெல்லியிலும் அதுதான் என்று அவள் நம்பினாள். டீச்சர் கொடுத்தனுப்பியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "யாரு கட்டிவிட்டாங்களோ, நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஆனா இடுப்புல கயித்தக் காணமே. மேட்டுல ஏறுனா அவுந்துறாது?" என்று கவலைப்பட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா டீ குடிக்க வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று சல்யூட் அடித்தார்.

"எதுல வர்றீங்க ஜனாதிபதியம்மா?"

"கார்ல. அட்டப்பெட்டில டீச்சர் செஞ்சிருக்காங்க."

"அட்டப்பெட்டியா? நாட்டு மானம் என்னாவுறது? நம்ம வண்டிதான் இருக்கே. ஏறி உக்காருங்க போதும், நாங் கொண்டுபோயி எறக்கிவிடுறேன்."

"புள்ளகிட்ட வாய் வளக்காதடா" என்றாள் அம்மா. "அது நெசமுன்னு நெனச்சுக்கும்."

"நெசந்தாங்க்கா!" என்று மாமா நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

அம்மா சொன்னதுதான் சரி. நான் நிஜமென்றே நினைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் வேஷத்தோடு ஒத்திகை. காலையிலிருந்தே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத நாட்களில் எங்கள் ஊரில் பசை காயாது. என் கார் பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை ஒட்டிக் கறுப்படித்து, தோளில் கயிறு கட்டித் தொங்கவிட்டது. முதல் சுற்றிலேயே அதன் அடிப்பாகம் தொங்கிப்போனது. இரண்டாவது சுற்றில் கழன்று விழுந்தது. எதிரே வந்த ஆறு குதிரைகளும் அதன்மேல் ஓடின.

"அழுவாத கண்ணு. நாளைக்கு நடந்தே வந்தரலாம்" என்றார் டீச்சர்.

நடந்தா? அன்றைக்குக் காலையில்தானே மறுபடி சொல்லிக்கொடுத்திருந்தார்! குதிரை வண்டி, ரயில், கார், விமானம். அந்தப் பாடத்தில் நடை என்று ஒன்று வரவே இல்லை. டீச்சருக்கே பாடம் மறந்துவிட்டது என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பனி இன்னும் இறங்குவதற்குள் போய்விடுங்கள் என்று டீச்சர் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். வழக்கமாக நான் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைக்காப்பகத்துக்குப் போய், அம்மா வேலை முடிந்து வரும்வரை ஆயாவிடம் இருக்கவேண்டும். நான் காப்பகத்துக்குப் போய்விட்டதாக டீச்சர் நினைத்தார். ஒத்திகை இன்னும் முடியவில்லை என்று ஆயா நினைத்தாள். மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அம்மா எங்கோ மேட்டுச்சரிவில் பறித்துக்கொண்டிருந்தாள். நான் இவர்கள் யார் நினைத்த இடத்திலும் இல்லாமல், மாமாவின் வண்டியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் போகும் வழியில் ஓடையை மறித்துக் கட்டிய ஒரு குளம் உண்டு. மருந்தடிக்க அங்கிருந்துதான் தண்ணீர் எடுப்பார்கள். அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். நானும் பேசாமல் கடந்து போயிருப்பேன். ஆனால் செருப்பு முழுக்கச் சேறு. டீச்சர் காட்டிய எந்தப் படத்திலும் ஜனாதிபதியின் காலில் சேறு இல்லை. கரையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கழுவினேன். ஒன்று கைநழுவித் தண்ணீரில் விழுந்து, ஒரு படகுபோல ஆடி ஆடி நடுவே போய்விட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவிடம் வாங்கப்போகும் திட்டு நினைவுக்கு வந்தது. பிறகு, ஒற்றைச் செருப்போடு போவது ஜனாதிபதிக்கு அழகில்லை என்பதால் மிச்சமிருந்ததையும் கரையிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு போனேன்.

டிராக்டர் கொட்டகைக்கு வெளியே கொழுந்து மூட்டைகளோடு நின்றிருந்தது. மாமா உள்ளே எடைபோடுகிற கணக்கரோடு டீ குடித்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தால் போதும் என்றுதானே சொல்லியிருந்தார்? சக்கரத்தில் கால்வைத்து ட்ரெய்லரில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பறித்த கொழுந்தை மூட்டையில் அடைத்துவைத்தால் உள்ளே சூடேறும். வெளியே விரல் விறைக்கிற குளிர், அங்கே அம்மாவின் மடிபோலக் கதகதப்பு. ஜனாதிபதி தூங்கிவிட்டார்.

பனியில் நனைந்த கொழுந்துக்கு பேக்டரியில் எடையைக் கழித்துவிடுவார்கள். அதனால் மாமா கீழே நின்றபடியே தார்ப்பாயை வீசி மூட்டைகளை மூடி, கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கிளம்பினார். அந்தத் தார்ப்பாயில் ஒரு மூலை கிழிந்திருந்தது. புதிது வாங்கித் தரச்சொல்லி மாமா, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற பீல்டு ஆபீசரோடு வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கிழிசல் வழியேதான் காற்று வந்திருக்கவேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவர் தார்ப்பாயை மாற்றச்சொல்லிக் கேட்டதே இல்லை.

பேக்டரிக்குப் பாதி வழியில் ஒரு பெரிய கற்பூர மரம் வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. மரத்துக்கு அந்தப்புறம் மஞ்சூரிலிருந்து வந்த பஸ், இந்தப்புறம் மாமாவின் டிராக்டர். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தனை கோடரிச் சத்தத்திலும் தூங்கினேன்.

நான் தூங்கிய நேரத்தில் தோட்டத்தில் நடந்ததெல்லாம் பிறகு பலபேர் சொல்லிக் கேட்டது. அம்மா வேலை முடிந்து காப்பகத்துக்குப் போனாள். "அவ இன்னிக்கு வரவேயில்லியே, ஒத்திகைன்னுல்ல இருந்தேன்" என்றாள் ஆயா. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பஸ் வராததால் டீச்சர் மட்டும் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைத் தனியாகப் பார்த்ததுமே அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க, பாப்பா உங்ககூட இல்லீங்களா?" என்றாராம்.

எங்கள் பக்கம் காட்டெருமை வரும், கரடி வரும். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத பனி. பெண்கள் தேயிலைப் பாத்திகளுக்குள் இறங்கி என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். ஆண்கள் காட்டோரமாகப் போனார்கள். டீச்சர் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார் என்று சொல்வார்கள். அம்மாவும் அவளோடு வேலைசெய்கிற பெண்களும் எங்கே தேடினார்கள் என்பதை மட்டும் யாரும் எனக்கு விவரமாகச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மாமாவுக்குத் தகவல் சொல்ல, எடைபோடுகிற கணக்கர் பைக்கில் முன்னால் வந்தார். பீல்டு ஆபீசர் ஜீப்பில் பின்னால் வந்தார். அந்தப் பள்ளத்தில் அப்போது எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது.

"உங்கக்கா புள்ளையக் காணோம்ப்பா. தோட்டமே தேடுது" என்றார் கணக்கர்.

மாமா கையிலிருந்த கோடரியைக் கீழேபோட்டுவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாராம். அடுத்த நொடி எழுந்து, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுத் தனி டிராக்டரில் திரும்பிப்போவதற்காகப் பூட்டுக்கம்பியை உருவப் போனார். உலுக்கியதில் எனக்கு விழிப்பு வந்தது. இருட்டாக இருந்தது. கிழிசலில் வெளிச்சம் தெரிந்தது. அதை நோக்கித் தலையை நீட்டினேன்.

"கொரங்கு, கொரங்கு! கொழுந்துக்குள்ள கொரங்கு!" என்று பஸ்ஸில் வந்த ஒருவர் கத்தினார். இன்னொருவர் கிளையை ஓங்கிக்கொண்டு வந்தார். முந்தானை போட்ட குரங்கை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"மாமா, வந்துட்டமா?" என்று கேட்டேன்.

மாமா என்னை இழுத்து எடுத்தார். முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைமுடியெல்லாம் கொழுந்து. ஆனால் அம்மா கட்டிய சேலை ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

பஸ் கண்டக்டர் குனிந்து, "ஏனுங்க அம்மணி, நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

"நான் ஜனாதிபதி."

"அப்படிங்களா? அப்ப உங்களுக்கு டிக்கெட் வேண்டாமுங்க."

அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொழுந்து ஒரு நிமிடம் தாமதமானாலும் தோட்டத்தையே கூட்டுகிற பீல்டு ஆபீசர், "கொழுந்து கெடக்கட்டும். மொதல்ல புள்ளையக் கொண்டுபோய் ஊட்டுல விடு" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அது ஒருமுறைதான் என்று மாமா சொல்வார்.

மரத்தை இழுத்துப்போட்டார்கள். ஊர்வலம் கிளம்பியது. முதலில் பைக். அதற்குப் பின்னால் ஜீப். பிறகு டிராக்டரில் நானும் மாமாவும். எங்களுக்குப் பின்னால் பஸ். பனிக்காக எல்லா வண்டியிலும் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் நாலு வண்டியும் மாற்றி மாற்றி ஹார்ன் அடித்தன. பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். டீச்சர் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் சரியாக இருந்தது. ஜனாதிபதிக்கு முன்னாலும் வண்டி போகும், பின்னாலும் வரும் என்றாரே! மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் என்னை இடுப்போடு சேர்த்து அணைத்திருந்தார். அந்தக் கையைக் கியர் மாற்றக்கூட அவர் எடுக்கவில்லை. ஜனாதிபதி ஏறிய வண்டிக்குக் கியர் தேவையில்லைபோலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து முனை திரும்பியதும் பனிக்குள்ளிருந்து ஆட்கள் தெரிந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். இதுவும் டீச்சர் சொன்னதுதான். நான் மாமாவின் தோளைப் பிடித்து எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பழகியிருந்தபடி கையை மெதுவாக அசைத்தேன்.

யாரும் திரும்பக் கையசைக்கவில்லை. கை தட்டவில்லை. எல்லாரும் அசையாமல் பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் பெரிதாகச் சத்தம் போட்டாள். "இந்தா இருக்கா! அடியே, இந்தா இருக்காடி ஓம் மவ!"

கூட்டம் விலகி அம்மா வந்தாள். அம்மா அப்படி ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது. டிராக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். மாமா என்னை இறக்கிவிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது என் பார்வை நேராக அம்மாவின் கைக்குப் போனது.

அவள் கையில் என் செருப்புகள் இருந்தன. இரண்டும். கரையில் வைத்ததும், குளத்தின் நடுவே போய்விட்டதும்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. செருப்பு தொலைந்ததற்குத் திட்டு விழும் என்று பயந்திருந்தேன், அம்மாவோ அதைக் கண்டுபிடித்தே கொண்டுவந்துவிட்டாள். இவ்வளவு கூட்டமும் அதைத் தேடித்தான் வந்திருக்கும்போல. "கெடச்சிருச்சாம்மா?" என்று சந்தோஷமாகக் கேட்டேன்.

"கெடச்சிருச்சு" என்றாள் அம்மா. "கெடச்சிருச்சு சாமி, கெடச்சிருச்சு." ஒரு தடவை சொன்னால் போதுமே என்றிருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். டீச்சர் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கண்டக்டர், "வாழ்க ஜனாதிபதி!" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் விழா நடந்தது. பீல்டு ஆபீசர் தன் ஜீப்பையே அனுப்பிவைத்தார். ஆறு குதிரைகளும் பொறாமையோடு பார்க்க, நான் நிஜமான வண்டியில் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினேன். ஒரு குறைதான். அம்மா என் கையை விடவில்லை. மேடைவரை கூடவே வந்து, கொடியேற்றி முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றாள். கீழே சிரித்தார்கள். டீச்சர் சமாளித்துக்கொண்டு, "ஜனாதிபதியோட பாதுகாப்பு அதிகாரியும் வந்திருக்காங்க" என்று மைக்கில் அறிவித்தார். அம்மாவுக்கு அது என்ன வேலை என்று தெரியாது. ஆனாலும் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

முதல்நாள் சாயங்காலம் இன்னொன்றும் கேட்டேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவளோடு பறிக்கிற பெண்களும் கூட வந்தார்கள். அவள் தோளில் சாய்ந்தபோது சேலை சில்லென்று ஒட்டியது. என் சேலையும் ஈரமானது. நிமிர்ந்து பார்த்தேன். கூட வந்த பெண்களின் சேலைகளும் சொட்டிக்கொண்டிருந்தன. அவர்கள் நடந்த தடமெல்லாம் தண்ணீர்.

"மழையே இல்லியேம்மா. நீ ஏன் நனஞ்சிருக்க?"

அம்மா மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"பனி பாப்பா" என்றாள். "இன்னிக்குப் பனி ரொம்ப."

சரி என்று தோளில் படுத்துக்கொண்டேன். அவள் தலைத்துணி என் கன்னத்தில் பட்டது, அது மட்டும் காய்ந்திருந்தது. பனி ஒருவரைக் கழுத்துவரை நனைத்துவிட்டுத் தலையை மட்டும் எப்படி விட்டுவிடும் என்று கேட்கத் தெரியாத வயது. அம்மாவுக்கு நீந்தத் தெரியாது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.